மெட்டுப் போட்டவன்

முத்துவீரன் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மோட்டார்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. அவருக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் அந்த மோட்டார்களின் அருகில் நின்றுகொள்ள இவனுக்குப் பிடிக்கும். தரை அதிரும், பல் அதிரும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் மாத்தளை டவுனில் மஹ்ரூப்பின் ரேடியோ திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு வால்வு ரேடியோவை அம்ப்ளிஃபயராக மாற்றி, சாதாரணப் பெட்டி கிட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டி அதில் மாட்டினான். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சத்தத்தை ஏற்றியபோது ரேடியோ உறுமியது. ஃபெக்டரி தரை அதிர்ந்த மாதிரியே இருந்தது.

மஹ்ரூப் நல்ல கைகாரன், டிரம்ஸ் வாசிப்பான். அலுவிகாரையிலிருந்து டியுஷன் மாஸ்டர் திலகசிறி வந்து சேர்ந்தான். கணக்குப் படிப்பிக்கிறவன், தொண்டை மட்டும் கல்லுடைக்கிறவனுடையது. அவன் பாடிக்கொண்டே பேஸ் கிட்டாரும் வாசித்தான். மூன்று பேரும் கடையின் பின்னறையில் சேர்ந்து, தங்கள் குழுவுக்குக் 'கம்மிரிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சிங்களத்தில் மிளகு. மாத்தளையில் வேறென்ன பெயர் வைப்பது?

ஒருநாள் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கிட்டார் செத்தது, மஹ்ரூப்பின் அடி மட்டும் நிற்கவில்லை. திலகசிறி அந்த இருட்டில் "கரண்ட் நே, கரண்ட் நே" என்று கத்திப் பாடினான். கரண்ட் இல்லை, அவ்வளவுதான். மூவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். மறுநாள் முத்துவீரன் அந்தச் சொல்லுக்கு நாலே சுரத்தில் ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். மற்ற ஏழு பாட்டுகளின் மெட்டும் அவனுடையதுதான்.

1986இல் கண்டியில் இரண்டு நாள் ஒலிப்பதிவு நடந்தது. கசட் வந்தபோது முத்துவீரன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 'சொல்லும் மெட்டும்: திலகசிறி' என்று போட்டிருந்தது. ஸ்டூடியோவில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் திலகசிறி, அதனால் வந்த பிழை.

"அடுத்த கசட்டில உன் பேரப் பெரிசாப் போடுவோம், மச்சான்" என்றான் அவன்.

முத்துவீரன் மூன்று வாரம் அவனோடு பேசவில்லை.

அந்தக் கசட்டை யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் பதிந்து பதிந்து அது பேராதனைக்குப் போனது, கொழும்புக்குப் போனது. அதற்குமுன் கிட்டார் என்றால் கல்யாண வீட்டில் மெல்லத் தட்டுகிற சாமான். அதைக் கேட்டபிறகு பையன்கள் வீட்டு ரேடியோக்களைப் பிரித்துப்போட்டு அந்த உறுமலைத் தேடினார்கள். ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன.

பிறகு 88 வந்தது. அரசாங்கத்தை எதிர்த்த சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் டிரான்ஸ்ஃபோமர்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். விளக்கை அணையுங்கள் என்று சுவரெல்லாம் கட்டளை ஒட்டினார்கள். இருட்டுக்குள் கிடந்த ஊர்களில் இளைஞர்கள் பாடியது "கரண்ட் நே". சிரித்துக்கொண்டு கட்டிய பாட்டு இப்போது அறைகூவல் ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் பிணமாகக் கிடந்த ஒரு மாணவனின் சட்டைப்பையில் அந்தக் கசட் இருந்ததாம். அதைக் கேள்விப்பட்டவர்கள் தங்களிடம் இருந்ததை அடுப்பில் போட்டார்கள். திலகசிறியின் டியுஷனுக்குப் பிள்ளைகள் வருவது நின்றது.

89 செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மஹ்ரூப் ஜும்மாவுக்குப் போயிருந்தான். திலகசிறி கடையில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தான். நம்பர் தகடில்லாத ஜீப்பொன்று வாசலில் நின்றது. இறங்கிய இருவரிடமும் துப்பாக்கி, ஒருவன் கையில் கசட்.

"இந்தப் பாட்டு யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"என்னுடையது" என்றான் திலகசிறி.

"சொல்லா, மெட்டா?"

"ரெண்டும்."

ஈயம் ஒட்டும் கருவியோடு மேசைக்குப் பின்னால் நின்ற முத்துவீரனை வந்தவன் பார்த்தான். "இவன் யார்?"

"ரேடியோ திருத்துறவன். தோட்டத்து ஆள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது."

"அப்படியா?" என்று முத்துவீரனையே கேட்டான்.

முத்துவீரன் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சேர்" என்றான்.

திலகசிறியை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மஹ்ரூப் தொழுதுவிட்டு வந்தபோது முத்துவீரன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கருவி மேசைப் பலகையைக் கரித்துக்கொண்டிருந்தது.

திலகசிறியின் தாய் சோமாவதி இராணுவ முகாம் ஒவ்வொன்றாக அலைந்தார். கடைசியாகப் பார்த்தவன் என்று முத்துவீரனும் கூடவே போனான். எந்த நிறச் சட்டை, எத்தனை மணி, ஜீப் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒப்பித்தான். தன்னைக் கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் மட்டும் விட்டுவிடுவான். மஹ்ரூப்பிடமும் சொல்லவில்லை, பிறகு கட்டிய மனைவி பாப்பம்மாவிடமும் சொல்லவில்லை. கிட்டாரின் கம்பிச்சுருளைக் கழற்றி வேறெதற்கோ போட்டான். கல்யாண வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அரசாங்கம் காணாமல் போனவர்களுக்கு மரண அத்தாட்சிப்பத்திரம் கொடுக்க முன்வந்தது. சோமாவதி வாங்கவில்லை. "சாகாதவனுக்கு எதற்கு?" என்று கிராம சேவகரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

2004இல் கொழும்பிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பேர் பெற்ற குழுவொன்றில் வாசிக்கிறவர்கள். தேய்ந்துபோன பிரதியொன்றை மடியில் வைத்துக்கொண்டு, "நாங்க எல்லாருமே இதுக்குள்ளயிருந்து வந்தவங்க, அங்கிள்" என்றார்கள். அதைச் சுத்தம் செய்து சீடியாக வெளியிட ஒரு கம்பனி தயாராக இருந்தது. உறையில் பெயருள்ளவரின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் மரண அத்தாட்சிப்பத்திரத்தோடு வாரிசின் கையெழுத்து.

முத்துவீரன் அவர்களை அலுவிகாரைக்குக் கூட்டிப்போனான். சோமாவதி தேநீர் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார்.

"கையெழுத்து வேணுமென்றால் மகன் வந்து போடுவான்" என்றார்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் முத்துவீரன் பக்கம் திரும்பினான். "அங்கிள், இந்த மெட்டெல்லாம் கிட்டார்க்காரன் விரல்ல பிறந்தது. பாடுறவன் கட்டினதில்ல. வாசிக்கிற எங்களுக்குத் தெரியாதா? வேற ஆள் மெட்டுப் போட்டதுன்னு சொன்னா கம்பனியோட பேசிப் பாக்கலாம்."

மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை கேட்டவர்களிடம் துப்பாக்கி இல்லை. முத்துவீரன் சோமாவதியைப் பார்த்தான்.

"நான்தான் போட்டேன்" என்றான்.

சோமாவதி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இளைஞர்களைச் சற்று வெளியே நிற்கச் சொன்னார்.

"அன்றைக்கு அவங்க உன்னையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, அம்மே."

"நீ என்ன சொன்னாய்?"

அவன் சொன்னான். சொல்ல ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை.

அவர் வாசலைப் பார்த்தார். "அப்படியென்றால் என் பிள்ளைக்கு விழுந்த அடியில் பாதி உன்னுடையது" என்றார். குரலில் கோபம் இல்லை. "பதினஞ்சு வருஷம் என்னோடு நடந்தாய். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு, அம்மே."

"அவனுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்."

அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முத்துவீரன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. போடு என்று மஹ்ரூப் சண்டை பிடித்தும் பார்த்தான். "அது என் பாட்டு இல்ல, மஹ்ரூப் நானா" என்று அண்ணன் முறை சொல்லி மறுத்ததோடு சரி. கம்பனி திட்டத்தைக் கைவிட்டது.

மாதம் ஒருமுறை போய்வந்த வழக்கத்தில் அடுத்த மாதமும் அவன் அலுவிகாரைக்குப் போனான். வேலிப் படலை சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கூப்பிட்டான், யாரும் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

2007இல் சோமாவதி இறந்தார். மரணவீட்டு அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர் வரிசையில் திலகசிறியும் இருந்தான், உயிரோடு இருப்பவர்களில் ஒருவனாக. முத்துவீரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், வீதியின் மறுபக்கத்தில் நின்றான். உள்ளே போக அவனை யாரும் கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபிறகு டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினான். கடையில் ஒரு டீவி பிரித்தபடி கிடந்தது.