வீடு பார்க்க வந்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட வெளியே வந்தபோது, எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புத் தெருவில் ஒரு கூட்டம் நின்று வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் கழுத்தில் கேமரா.

பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா பண்ருட்டிப் பக்கத்துக்காரர். வேலியோரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "செவுத்தயெல்லாம் போட்டோ எடுத்துகினு போறாங்க. இடிக்கத்தான் பாக்குறாங்க."

பழைய பிளாக்குகளை இடிக்கப்போவதாக அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. கணவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். நானே போய் விசாரித்தேன். கூட்டத்தை அழைத்து வந்திருந்த பெண், இந்த வீடுகளை வரைந்தவர் நம் நாட்டில் நவீன பாணியில் முதன்முதலாகக் கட்டியவர்களில் ஒருவர் என்றும், அவர் கட்டியவற்றைத் தெருத் தெருவாக நடந்து பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்றும் சொன்னாள். காரை பெயர்ந்த குவார்ட்டர்ஸைப் பார்க்க யாராவது சென்னையிலிருந்து வருவார்களா? நான் நம்பவில்லை. கூடவே நடந்தேன்.

சன்னலுக்கு மேல் நீண்ட சிமெண்ட் பலகையைக் காட்டி அவள் ஏதோ விளக்கினாள். நான் நெருங்கியதும் பேச்சு நின்றது. பெரியவர் ஒருவர் கேமராவைப் பைக்குள் போட்டார். என் சந்தேகம் உறுதியாயிற்று.

தெருமுனையில் அந்தப் பெண் என்னைத் தனியே அழைத்தாள்.

"மேடம், நீங்க ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்களா? போட்டோ கூடாதுன்னா எடுக்கல. பாதியில திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைக் கண்காணிக்கத்தான் பின்னால் வந்தேன் என்று சொன்னதும் அவளும் சிரித்தாள். அந்த வேகத்தில் எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டேன்.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாக ஓட்டைகள். நிலக்கரித் தூசிக்குப் பயந்து பிளைவுட் வைத்து மறைத்திருந்தேன். அவள் என்னிடம் கேட்டுவிட்டு ஒரு பலகையை நகர்த்தினாள். காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் அப்படியொரு காற்றை நான் கண்டதில்லை.

"தூசியும் சேந்துதான் வரும். வரைஞ்சவங்க ஒரு நாள் இங்க பெருக்கிப் பாத்திருக்கணும்" என்றேன்.

அவர்கள் போனதும் அக்கா வந்தார். வீட்டை ரசிக்க வந்தவர்கள், இடிக்க அல்ல என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள கூட்டிகினு போயி அம்மாம் நேரம் பேசுன. ஒனக்கு மட்டும் வேற வூடு தர்றேன்னு சொன்னாங்களா?"

இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கள் பிளாக் இன்னும் நிற்கிறது. அக்கா மட்டும் என்னை இன்றுவரை நம்பவில்லை.