கடல் தெரிகிற அறை

எங்கள் வீட்டுப் பால்கனிக் கொடியில் ஒரு பழைய துண்டு காய்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழுப்பேறிவிட்ட ஈரிழைத் துண்டு. அதன் மூலையில் பச்சை நூலால் போட்ட சின்னப் பெருக்கல் குறி. இது தரை துடைக்கக்கூட ஆகாது என்பாள் என் மனைவி. ஆனாலும் அதைத் துவைத்து, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக மடித்து வைக்கிறாள். இந்த வீட்டுக்கு அது வந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் அதில் முகம் துடைத்ததில்லை. துடைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அது என் பெரியம்மா வீட்டுத் துண்டு. அம்மாவின் அக்காவை ராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மொத்தச் சொந்தமும் பஸ் ஏறி ராமேஸ்வரம் போகும். கடலில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் தலையில் வாங்கி, சொட்டச் சொட்ட வெளியே வந்தால் அடுத்து சாமி பார்க்க வேண்டும். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக்கூடாது. வெளியூர்க்காரர்கள் உடை மாற்ற இடம் தேடி அலைவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை. கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி பெரியம்மா வீடு. வாசலிலேயே துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார். "ஈரத்தோட நிக்காதீக, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்பார். நல்லா இருக்கீகளா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பம் வந்து இறங்கினால் யார் துண்டு யாருடையது என்று குழப்பம் வரும். அதனால் குடும்பத்துக்கு ஒரு நிறமாக எல்லாத் துண்டிலும் அடையாளம் தைத்து வைத்திருந்தார். சித்தப்பா வீட்டுக்குச் சிவப்பு. பரமக்குடி அத்தை வீட்டுக்கு நீலம். எங்களுக்குப் பச்சை. வேறு நிறத் துண்டை எடுத்தால் பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டுவிடும். போன அமாவாசைக்குத் துடைத்த அதே துண்டு, வெயில் வாசனையோடு அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்கும். அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு பொருள் இருக்கிறது என்ற எண்ணமே சிறுவயதில் எனக்குப் பெரிய கெத்தாக இருந்தது.

ராமேஸ்வரத்துக்கு இரண்டு நாள் ஓய்வாகப் போய்வரலாம் என்று போன வருடம் பேச்சு வந்தபோது என் கை தானாகவே கைப்பேசியில் ஓட்டல் தேடியது. என்னை நியாயப்படுத்திக்கொள்ளக் காரணங்களுக்கா பஞ்சம்? பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா தனியாக இருக்கிறார். மகன் சவுதியில். முட்டிவலி வேறு. எங்கள் மூன்று பேருக்கும் வடித்துக்கொட்டச் சொல்வது பாவம் இல்லையா? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அந்த வீட்டில் கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருந்தது. ஏசி கிடையாது. என் மகள் கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்றாள். எனக்கும் மதியம் ஏசியைப் போட்டுக்கொண்டு யாரும் எழுப்பாமல் தூங்க ஆசை. ஒரு வாரம் மெனக்கெட்டேன். யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை வரிவரியாகப் படித்தேன். காலை இட்லி சூடாக இருக்குமா, தலையணை மெத்தென்று இருக்குமா, எல்லாம் விசாரித்தேன். அந்த ஊரிலேயே வாழ்கிற பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போடவில்லை. சாயங்காலமாகத் திடீரென்று போய் நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தீர்த்தமாடி வெளியே வந்ததும் கால்கள் பழக்கதோஷத்தில் பெரியம்மா தெருப்பக்கம் திரும்பின. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். ஓட்டல் வாசலில் காவலாளி நிறுத்தினார். ஈரத்தோடு லிப்ட்டில் ஏறக்கூடாதாம். பின்பக்கம் உடை மாற்றத் தடுப்பு இருக்கிறது, அங்கே வரிசையில் நிற்க வேண்டும். பல ஊர்க்காரர்களோடு நாங்களும் பற்கள் அடித்துக்கொள்ள நின்றோம். மகள், "ஏம்பா, சொந்தக்காரங்க யாருமே இல்லையா இங்க?" என்று கேட்டாள். நான் வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா பெரியம்மா தெருவில்தான் குடியிருக்கிறார். நாங்கள் ஈரத்தோடு எதிர்ப்பக்கம் இருந்த ஓட்டலுக்குப் போனதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். மதியம் அறைக்குப் போன் வந்தது. வரவேற்பில் ஒரு வயதான அம்மா காத்திருப்பதாகச் சொன்னார்கள். இறங்கிப் போனால், பெரிய சோபாவின் ஓரத்தில், தான் பட்டால் அது அழுக்காகிவிடுமோ என்பது போல பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குச்சட்டி. சூடு ஆறாமல் இருக்க அதைச் சுற்றிப் பச்சை நூல் துண்டு.

"பாறை மீனு கொழம்பு வச்சேன். பிள்ளைக்குக் காரம் கொறச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் பெரியம்மா..." என்று இழுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருப்பேன். "அதுவும் சரிதாம்லே" என்று மட்டும் சொன்னார். அறைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் பக்கம் போய் நின்று வெளியே பார்த்தார். "கடல் நல்லாத் தெரியுது" என்றார். பிறகு என் மகள் தலையைத் தடவி, "நம்ம வீட்டுலருந்து தெரியாதுத்தா" என்றார், ஏதோ அவர் செய்த குற்றம் மாதிரி. சட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டார். துண்டை எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் போனில் பேசினோம். முன்பெல்லாம் பேச்சை முடிக்கும்போது "எப்ப வாரீக?" என்று கேட்பார். அந்தக் கேள்வி நின்றுபோனது. போன மாதம் அவரே கூப்பிட்டார். கண்ணில் புரை, நாங்கள் குடியிருக்கும் மதுரையில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். "ஏலே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நல்ல லாட்ஜா ஒண்ணு பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் அதெல்லாம் பாக்கத் தெரியும்" என்றார். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. நம் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று கத்தினேன். மனைவி போனை வாங்கிக் கெஞ்சினாள். எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். "இருக்கட்டும். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

என் வாக்கியம். நான் கொடுத்ததைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் லாட்ஜ் பார்த்துக் கொடுத்தேன். இந்த முறையும் அபிப்பிராயங்களை வரிவரியாகப் படித்தேன். கடல் தெரிய வேண்டாம், லிப்ட் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து தங்கினார். காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே, சொந்தப் பெரியம்மாவைப் பார்க்க வரவேற்பில் பெயர் எழுதிவிட்டு மாடி ஏறினேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கை கழுவிவிட்டு வாஷ்பேசின் பக்கம் விரல்கள் சொட்ட நின்றார். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். கல்யாண வீடுகளில் கொடுத்தவை, தள்ளுபடியில் வாங்கியவை, மகள் நீச்சலுக்குக் கொண்டுபோவது என்று துண்டுகள் குவிந்து கிடந்தன. அவருக்கென்று நான் எடுத்து வைத்த துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. எதை எடுப்பது என்று நான் திகைத்து நிற்பதற்குள் அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து பால்கனிக்கு வந்தவர் கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் நேராக மூலைக்குப் போனது. பச்சை நூல் ஒரு பக்கம் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நூலு விட்டுப்போச்சே" என்றார். "கண்ணு தெளியட்டும். வாரப்ப எடுத்துட்டு வா, தச்சுத் தாரேன்."

அடுத்த அமாவாசைக்கே வருகிறோம் என்று தலையாட்டினேன். அவர் என் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"காலையிலயே மூட்டையத் தூக்கிட்டு அலையாதலே. லாட்ஜுல பைய வச்சுட்டு, படுத்து எந்திரிச்சு, சாயந்தரமா வா போதும்."