தனபாக்கியம் சிஸ்டர் போட்ட காபி

தனபாக்கியம் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி மகள் கயல்விழி போனில் சொன்னபோது, பட்டுக்கோட்டையில் என் மகன் வீட்டுக் கொல்லையில் தேங்காய் பறிக்க வந்த ஆட்களோடு நின்றுகொண்டிருந்தேன். "அத்தை போயிட்டாங்க சார். தூக்கத்துலயே உசுரு போயிருக்கு" என்றாள். சரிம்மா, வர்றேன் என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டேன். எந்த மரத்தில் முதலில் ஏறுவது என்று மரமேறி கேட்டார். கிணற்றோரம் இருப்பதைக் காட்டினேன். பறித்து முடியும்வரை அங்கேயே நின்றேன். அதன் பிறகுதான் மருமகளிடம் சொன்னேன்.

தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடவு முடிந்த வயல்கள். அவற்றைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். நானும் ஒரு மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அவரோடு வேலை பார்த்த நர்சுகள் சேர்ந்து கொண்டுவரும் நினைவு மலருக்கு நான் எழுதவேண்டும் என்று கேட்டீர்கள். அவரை நெடுநாள் அறிந்தவன் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் கம்பவுண்டர். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடிகளும், விவசாயக் கூலிகள் குடியிருந்த தெருக்களின் முனையில் வெறும் சிவப்புக் கொடிகளும் பறந்த காலம். புதிய நர்ஸ் வருகிறார் என்று சாமான் இறக்கப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச்சுருள், பழைய புடவையில் சுற்றிய கனமான ஒரு பொருள். அதை மட்டும் என்னிடம் கொடுக்க மறுத்து அவரே மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். குழந்தைக்கு எடை பார்க்கும் கருவி என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அடுத்த குவார்ட்டர்சிலிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. ஜன்னல் கட்டையில் திருகி மாட்டிய காபி மிஷின் அது. கைப்பிடியைச் சுற்றிக் கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் காபி போடுவது பொழுதுபோக்கு. வேறு எந்தச் சொல்லாலும் அதைச் சொல்ல முடியாது. சிலர் ரோஜாச் செடி வளர்ப்பார்கள், சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். இவர் மன்னார்குடியில் ஒரு கடையில் பச்சைக் கொட்டை வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரி அடுப்பில் இரும்பு வாணலி வைத்து வறுப்பார். புளியங்கொட்டை நிறம் வந்ததும் முறத்தில் கொட்டி ஆற்றுவார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பார். சிக்கரி சேர்க்கமாட்டார். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கும்வரை காத்திருந்து, பித்தளை ஃபில்டரில் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். டிகாக்ஷன் இறங்குவதற்குள் குளித்து வெள்ளைப் புடவை கட்டித் தயாராகிவிடுவார். அதன்பின் பாலைக் காய்ச்சி, ஒரே ஒரு பொங்கு விட்டு இறக்கிக் கலப்பார். குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். யாராவது கூப்பிட்டால் மட்டும் டம்ளரோடு எழுந்து போவார்.

தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக் கிணறு, கோயில் குளம், கடைத்தெரு அடிபம்பு என்று ஒவ்வொன்றிலும் போட்டு என்னைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்வார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கோடையில் எங்கள் கிணறு உப்பேறிப்போகும். வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வந்து சில நாட்கள் கழிந்தால் ஊற்று மாறி உப்புக் குறையும். அது மாறிய காலையில் முதலில் சொல்பவர் அவர்தான். "ஆத்துத் தண்ணி கெணத்துக்கு வந்துடுச்சு சார்" என்பார். அன்றைக்கு இரண்டாவது டம்ளர் உண்டு.

அவர் வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அதை அவர் மறைத்ததுமில்லை, பெருமையாகச் சொன்னதுமில்லை. நர்ஸ் பயிற்சிக்குத் தஞ்சாவூர் வந்தபோதுதான் முதன்முதலில் காபி குடித்தாராம். "எங்க வீட்ல காலையில நீராகாரம்தான் சார். காபிங்கறது பண்ணை வீட்டுக் கொல்லையில நிக்கிறப்ப உள்ளேருந்து வர்ற வாசனை. அவ்வளவுதான்" என்றார் ஒருநாள். பிறகு, "இத யாரும் எனக்குப் போட்டுக் குடுக்க வேணாம். நானே எனக்கு நல்லா போட்டுப்பேன்" என்றார். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

எங்களுக்குப் பால் ஊரின் பெரிய பண்ணையிலிருந்து வந்தது. கறவை மாடு வேறு யாரிடமும் அதிகம் கிடையாது. ஒரு விடியற்காலையில் கூலித்தெருவிலிருந்து அஞ்சலை என்ற பெண் தன் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சொல்ல ஓடிவந்தாள். சிஸ்டர் உடனே கிளம்பினார். பிரசவம் நல்லபடியாக முடிந்து, அஞ்சலையே பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். சிஸ்டர் அவளை முன்னறையில் நாற்காலியில் உட்காரவைத்துத் தம்முடைய எவர்சில்வர் டம்ளர் டபராவில் காபி கொடுத்தார். அப்போது பண்ணைப் பால்காரர் வாசலில் நின்றார். பார்த்தார், பாலை ஊற்றினார், போனார். கடைத்தெருவில் அந்தத் தெருக்காரர்களுக்குத் தனிக் குவளை இருந்த காலம் அது.

மறுநாள் பால் வரவில்லை. அடுத்த நாள் பண்ணை ஏஜெண்ட் வைத்தியலிங்கம் வந்தார். பண்ணையின் வரவு, சாகுபடி, ஆள் எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர். மரியாதையாகவே பேசினார். ஊரில் ஏற்கெனவே கூலித் தகராறு நடக்கிறது, இந்த நேரத்தில் இதெல்லாம் தப்பான அர்த்தம் கொடுக்கும், கொடுக்கிறதைக் கொடுங்கள், தனியாக ஒரு டம்ளர் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை என்றார்.

சிஸ்டர் முழுவதும் கேட்டார். "எங்கிட்ட இருக்கறது எல்லாம் ஒரே மாதிரி டம்ளர்தாங்க. எது தனி டம்ளர்னு எனக்கே தெரியாதே" என்றார்.

அதோடு பால் நின்றது. எனக்கும் சேர்த்து நின்றது.

அதற்குப் பிறகு அவர் பாலில்லாமல் குடித்தார். முதல் நாள் முகம் சுருங்கியது, நான் பார்த்தேன். இரண்டு வாரத்தில் வறுவலை மாற்றிவிட்டார். முன்பைவிடச் சீக்கிரம் இறக்கினார், தூளைக் கொஞ்சம் பெருவெட்டாக அரைத்தார். "பால் ஊத்தினா தப்பெல்லாம் மறைஞ்சிடுது சார். இப்பத்தான் நான் இத்தன நாளா தீய விட்டுருக்கேன்னு தெரியுது" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அதில் முனைந்திருந்தார். அவரை இடம் மாற்றவேண்டும் என்று பண்ணையிலிருந்து மேலே மனு போயிருக்கிறது என்று அதே வாரம் எனக்குத் தெரியவந்தது. அவரிடம் சொன்னேன். போகட்டும் என்றார்.

அறுவடை வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று ஊர் ஆட்கள் நின்றார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. வரப்பில் கைகலப்பு. பஸ் நின்றுவிட்டது, அதனால் டாக்டரால் வரமுடியவில்லை. முதலில் வந்தவன் தங்கராசு. அஞ்சலையின் மகன். தோளில் வெட்டு. அவனைப் படுக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்தியலிங்கத்தைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். தடியால் அடிபட்டு மண்டை பிளந்திருந்தது. சிஸ்டர் இருவரையும் பார்த்துவிட்டு, இரத்தம் அதிகம் போய்க்கொண்டிருந்த வைத்தியலிங்கத்துக்கு முதலில் தையல் போட்டார். வெளியே அஞ்சலை சத்தம்போட்டாள். பண்ணை ஆளுக்குத்தான் முதலிலா என்று கேட்டாள். சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு, கையைக் கழுவி, தங்கராசுவிடம் வந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தோளுக்கும் தையல் போட்டார்.

எங்களிடம் இருந்தது ஒரே வார்டு. இரண்டு பேரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். வாசலில் போலீஸ். காலையில் சிஸ்டர் வழக்கம்போல் காபி போட்டு, தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துவந்தார். போலீஸ்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தங்கராசுவுக்கு ஒன்று, வைத்தியலிங்கத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி டம்ளர், எல்லாம் பாலில்லாதது. வைத்தியலிங்கம் டம்ளரைப் பார்த்தார். தங்கராசு குடிப்பதையும் பார்த்தார். தொடவில்லை. ஆறிப்போனதும் சிஸ்டர் எடுத்துப்போய் வாழைமரத்தடியில் கொட்டினார்.

மறுநாளும் அதே தட்டு வந்தது. வைத்தியலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து நீங்க குடிக்கல. இன்னிக்கும் குடிக்கலேன்னா பரவால்லீங்க. ஆனா நான் போடுறப்ப எல்லாருக்கும் சேத்துத்தான் போடுவேன்" என்றார் சிஸ்டர்.

தங்கராசு, "அவருக்கு வேணாம்னா இங்க குடுங்கம்மா, ஆறிடும்" என்றான். சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவன் அதையும் குடித்தான். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். வைத்தியலிங்கம் திரும்பவில்லை. மண்டைக்கட்டோடு வீட்டுக்குப் போகும் நாள்வரை அவர் ஒரு வாய் குடிக்கவில்லை. தினமும் அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவர் மனம் மாறியதாக நான் எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். மாறவில்லை. மனுவையும் திரும்பப் பெறவில்லை.

மாற்றல் ஆணை பொங்கலுக்குப் பிறகு வந்தது. கோடியக்கரைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். பஸ் ஏறும் காலையில் கூலித்தெருப் பெண்கள் பெட்டியைத் தூக்க வந்தார்கள். அஞ்சலை ஒரு செம்பில் ஆட்டுப்பால் கொண்டுவந்திருந்தாள். சிஸ்டர் கட்டிவைத்த சாமானைப் பிரித்து, ஃபில்டரை எடுத்து, அந்தப் பாலில் எல்லாருக்கும் காபி போட்டார். கவிச்சை அடித்தது. நான் பாதியில் வைத்துவிட்டேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சந்திப்புகளாகத் தொடர்ந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டேன், அவர் செய்துகொள்ளவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட விஷயம் ஏதாவது உண்டா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். கடலோரத்தில் அவருடைய காபி பல வருடங்கள் உப்புக் கரித்தது. பிறகு தலைமை நர்ஸாகித் தஞ்சாவூர் வந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். உங்களில் பலர் அவரை அறிந்தது அந்தத் தஞ்சாவூர் காலத்தில்தான். வார்டுக்கு வருவதற்குமுன் அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தவர்கள் நீங்கள். அந்தக் கதைகளை நீங்கள்தான் எழுதவேண்டும்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற கோடையில். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மணமும் ருசியும் போய்விட்டிருந்தன. டாக்டர்கள் பார்த்தார்கள், திரும்பவில்லை. அப்படியும் காபி போடுவதை அவர் விடவில்லை என்று கயல்விழி சொல்லியிருந்தாள். நான் போனபோது வறுத்துக்கொண்டிருந்தார். கண்பார்வையும் மங்கல். வாணலிமேல் குனிந்து, கொட்டை வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு இறக்கினார். அரைத்தார். ஃபில்டரில் போட்டுக் காத்திருந்தார். எதையும் அவசரப்படுத்தவில்லை. பால் கலந்து என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு சார்? நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

குடித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

"கொஞ்சம் தீஞ்சிருக்கு சிஸ்டர்."

"ரொம்பவா?"

"இல்ல. கடைசியில நாக்குல லேசா நிக்கிது."

அவர் தலையாட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தம்முடைய டம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். அவருக்கு அது வெந்நீர்போலத்தான் இருந்திருக்கும். குடித்து முடித்துக் கீழே வைத்தார். "அப்ப அடுத்த வாட்டி கொஞ்சம் முன்னாடியே எறக்கணும்" என்றார்.

சடங்குகள் முடிந்த அன்று கயல்விழி என்னிடம், நான் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை மறுபடி வறுத்தார், முன்கூட்டியே இறக்கினார், அவளுக்குக் கொடுத்து ருசி கேட்டார், இந்தத் தடவை தீயவில்லை என்று கம்பவுண்டர் சாரிடம் சொல்லிவிடு என்றார், தான்தான் அதைச் சொல்ல மறந்துவிட்டதாகச் சொன்னாள். பரவாயில்லை என்றேன். ஃபில்டரும் மிஷினும் அவளிடமே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். தமக்கே தெரியாத ருசியை அடுத்த முறை சரிசெய்யவேண்டும் என்று எண்பது வயதில் உட்கார்ந்து யோசித்தாரே, அந்த முகம் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.