ஐந்தாம் மாடிக்குக் கீழே நின்ற லிப்ட்

"அம்மா, பிள்ளை அசையலம்மா" என்று என் மகள் கவிதா சொன்னபோது என் தலையில் பால்குடம் இருந்தது. நாங்கள் நின்றிருந்தது கோயிலில் அல்ல, லிப்டுக்குள். அந்த லிப்ட் எங்கள் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. கவிதா ஏழு மாதக் கர்ப்பிணி.

இது இந்த ஆண்டுத் தைப்பூசத்தன்று காலையில் ஜோகூர் பாருவில் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு செனாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே ஒளி தெரிந்தது, மயில் வந்தது, காதில் குரல் கேட்டது என்று எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். முருகன் அடியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கவிதாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை மருத்துவமனையிலிருந்து வந்தவள் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பேன், அப்படியே திரும்பி வரும். அந்த வாரத்தில்தான் நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடு, வரும் தைப்பூசத்துக்கு உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு முன்பு முருகா என்று கூப்பிட்டதுண்டு, ஆனால் எதற்கும் நேர்ந்துகொண்டவள் இல்லை. பேரம் பேசுவது மாதிரி இருக்கும் என்று கூச்சப்படுவேன். அன்றைக்குக் கூச்சம் போய்விட்டது.

பிள்ளை தங்கியது. இந்த முறை கலையவும் இல்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் கவிதா கேலாங் பாத்தாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மருமகனுக்கு சிங்கப்பூரில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. "நீ வரவேண்டாம், வீட்டிலேயே இரு" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "எனக்காகத்தானே எடுக்கிறீங்க, நான் இல்லாம எப்படி?" என்றாள். நான் விரதமிருந்ததால் அவளும் காலையில் பசியாறவில்லை. அபிஷேகம் முடிந்த பிறகு என்னோடு சேர்ந்து சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் குடியிருப்பது ஒன்பதாம் மாடி. பூசாரி வீட்டுக்கே வந்து பூஜை போட்டார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலைக் குடத்தில் ஊற்றி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி என் தலையில் ஏற்றினார். என்னை அழைத்துப் போக அதே மாடியில் இருக்கும் தினேஷின் உறுமிக் குழு வாசலில் வந்து நின்றது. தினேஷ் பகலில் டெலிவரி வேலை பார்ப்பவன். திருவிழா வந்துவிட்டால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொள்வான். அவனும் கூட்டாளிகளும் மணி அடிக்கும் ஒரு பையனும் சேர்ந்தால் வாசலில் நிற்க இடமிருக்காது.

தலையில் ஏற்றிய குடத்தைக் கோயிலுக்குப் போகிற வரைக்கும் இறக்கக் கூடாது. வழியில் மேளமும் நிற்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் இப்படித்தான் வழக்கம். அதனால் ஒரு லிப்டில் நானும் இன்னொரு லிப்டில் மேளமும் என்று பிரிந்து போக முடியாது. பிரிந்து போவதற்கு இன்னொரு லிப்டும் ஓடவில்லை. அது வழக்கம்போல் பழுது.

ஆக எல்லாரும் ஒரே லிப்டில் ஏறினோம். ஏறியதும் எடை கூடிவிட்டது என்று மணி அலறியது. எங்கள் கட்டடத்தில் அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பார்கள். பழைய லிப்ட் என்பதாலோ என்னவோ சில சமயம் அந்த மணி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மாலைச் சந்தைக்குப் போகும் கூட்டம் முழுவதும் இந்த வித்தையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தினேஷ் "தூக்கு லா, தூக்கு!" என்றான். எல்லாரும் தூக்கினார்கள். மணி நின்றது. கதவு மூடியது. மேளம் முழங்கியது.

மூடிய பெட்டிக்குள் உறுமி எப்படிக் கேட்கும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். பல்லெல்லாம் அதிரும். பையன்கள் தாளத்துக்கு ஏற்ப முழங்காலை மடக்கி மடக்கி ஆடினார்கள். நான் ஒரு கையால் குடத்தைப் பிடித்திருந்தேன், மறு கையால் கவிதாவின் தோளைப் பிடித்திருந்தேன். கதவுக்கு மேலே எண் எட்டு என்று காட்டியது. பிறகு ஏழு. ஏழிலிருந்து ஆறு வந்த வேகம் வழக்கமான வேகம் இல்லை. வயிறு மேலே ஏறுவது மாதிரி இருந்தது. முதலில் மணி அடிக்கும் பையன் நிறுத்தினான். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் தினேஷின் உறுமி மட்டும் ஒரு இழுப்பு இழுத்து ஓய்ந்தது. அப்போதுதான் லிப்ட் இறங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"முருகா, நிறுத்து" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த பிரார்த்தனை. மந்திரமும் இல்லை, பாட்டும் இல்லை. பஸ் ஓட்டுநரிடம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

காலுக்குக் கீழே இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் வந்தது. ஒரு பெரிய உதறல். லிப்ட் நின்றது. குடத்திலிருந்து பால் சிந்தி என் முகத்தில் வழிந்தது, கவிதாவின் தோளிலும் விழுந்தது. யாரும் கீழே விழவில்லை. விழ இடமில்லை.

விளக்கு எரிந்தது, மின்விசிறி நின்றுவிட்டது. தினேஷ் கைப்பேசியில் பொம்பா என்கிற தீயணைப்புப் படைக்கும் லிப்ட் நிறுவனத்துக்கும் சொன்னான். கீழே காரோடு காத்திருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டுப் படியேறி ஓடி வந்து, எங்களுக்குச் சற்று மேலே இருந்த ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்க என் பெயரைச் சொல்லி முதலில் அவர் கேட்டது இதுதான்: "மணி! பால் சிந்திருச்சா?"

பெற்ற மகளைக் கேட்கவில்லை, கட்டிய மனைவியைக் கேட்கவில்லை. இதைச் சொல்லி இன்றைக்கும் அவரைக் கேலி செய்கிறோம். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டார், பாவம்.

அதற்குப் பிறகுதான் கவிதா பிள்ளை அசையவில்லை என்றாள். காலையில் எழுந்ததிலிருந்தே துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை, லிப்ட் நின்ற பிறகு அசையவே இல்லையாம். தினேஷின் கூட்டாளிகள் நகர்ந்து அவள் உட்கார இடம் விட்டார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது, உதடு காய்ந்துவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இரண்டு முறை மருத்துவமனையில் பார்த்த அதே முகம்.

முருகா, கொடுத்ததை எடுத்துக்கொள்ளாதே என்றேன். இதையும் வாய்விட்டுத்தான் சொன்னேன்.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிற கிளினிக்கில் தாதி சொல்வார், பிள்ளை அசையாவிட்டால் குளிர்ச்சியாக எதையாவது குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுங்கள், அப்புறமும் அசையாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று. அங்கே யாரிடமும் தண்ணீர் இல்லை. எல்லாரும் விரதம். குளிர்ச்சியாக இருந்தது என் தலையில் இருந்த பால் ஒன்றுதான்.

குடத்தை இறக்கினேன். தினேஷ் பதறிவிட்டான். "ஆண்ட்டி, எறக்கக் கூடாது ஆண்ட்டி!"

"துணிய அவுரு" என்றேன்.

அவன் அவிழ்த்தான். கவிதா தலையை ஆட்டினாள். "சாமிக்கு வெச்சதும்மா. வேணாம்."

"சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ குடி."

குடத்தின் விளிம்பை அவள் வாயில் வைத்துச் சாய்த்தேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அப்புறம் அவளை இடது பக்கம் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். அத்தனை பையன்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தினேஷும் சேர்ந்து சொன்னான், அப்புறம் மற்றவர்களும். மேளமில்லாமல் அவர்கள் சாமி பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கவிதா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். ஒரு உதை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

நான் அழுதேன். வேலையிடத்தில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பொம்பா வீரர்கள் வந்து ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்தார்கள். எங்கள் இடுப்பு உயரத்துக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. முதலில் மேளங்கள் போயின, பின்னால் பையன்கள் ஏறிப் போனார்கள். கவிதா மட்டும் வரமாட்டேன் என்றாள். ஏறும்போது லிப்ட் கீழே போய்விட்டால் நடுவில் நசுங்கிவிடுவோம் என்று பயம். எனக்கும் அதே பயம்தான்.

அந்த நேரம் லிப்ட் நிறுவனத்திலிருந்து வந்திருந்த சேகர் என்ற குளுவாங் ஊர்க்காரத் தம்பி மேலே மோட்டார் அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கதவோரம் குப்புறப் படுத்து, கவிதாவின் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"அக்கா, இது கீழ போவாது. பிரேக் தேஞ்சி போயிருக்கு, வெயிட்டு கூடிப் போச்சு, அதான் வழுக்கிக்கிட்டு எறங்கியிருக்கு. மேல ஒரு சக்கரம் இருக்கு, கவர்னர்னு சொல்வோம். லிப்ட் ஓடுனா அதுவும் சுத்தும். வேகம் மிஞ்சுனா அது தன் மேல ஓடற கயித்தப் புடிச்சிரும். கயிறு நின்னா லிப்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் இருக்கற ஆப்பு தண்டவாளத்தக் கவ்விக்கும். இப்ப கவ்வியிருக்கு. எவ்வளவு வெயிட்டு போட்டாலும் இன்னும் இறுக்கமாத்தான் புடிக்கும்."

"மத்த கயிறெல்லாம் அறுந்தா?" என்று கேட்டாள் கவிதா.

"அறுந்தாலும் இங்கதான் நிக்கும். வேணும்னா நான் உள்ள எறங்கி நிக்கிறேன், நீங்க ஏறுங்க."

சொன்னபடி உள்ளே இறங்கி நின்றார். பொம்பா வீரர்கள் ஒரு சின்ன ஏணியை விட்டார்கள். கவிதா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். லிப்ட் அசையவில்லை. பின்னால் நான் காலிக் குடத்தோடு ஏறினேன். காலி என்றால் முழுக்கக் காலியில்லை, அடியில் கொஞ்சம் பால் இருந்தது.

மருத்துவமனையில் பார்த்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். அதன் பிறகுதான் கோயிலுக்குப் போனோம். கூட்டம் கலைந்திருந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, குடத்தை வழியில் இறக்கி எச்சில் படுத்திவிட்டீர்கள், வேண்டுதல் சேராது, அடுத்த வருடம் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று சொன்னார். "எடுக்கிறேன்மா" என்றேன். அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு வருடம் எடுக்கச் சொன்னால் கசக்குமா என்ன?

குருக்களிடம் எச்சில் பட்டதை மறைக்காமல் சொன்னேன். அவர் குடத்துக்குள் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். அபிஷேகத்துக்கு ஊற்றவில்லை. மிச்சப் பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடமே நீட்டி, "ஒக்காந்து குடிம்மா, காலையிலேருந்து சாப்பிடலையாமே" என்றார். அவள் முருகன் சன்னிதிக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தாள்.

இதைக் கேட்ட சிலர் என்னிடம் வாதாடினார்கள். உங்களைக் காப்பாற்றியது அந்தச் சக்கரம், முருகன் இல்லை என்றார் என் தொழிற்சாலை மேற்பார்வையாளர். இன்னும் சிலர் சக்கரத்தின் பேச்சையே எடுக்க விடவில்லை, எல்லாம் அவன் வேல் என்றார்கள். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் நாங்கள் தரையில் போய் மோதியிருப்போம், அதில் சந்தேகமில்லை. என் தலைக்கு மேலே அப்படியொன்று இத்தனை வருடமும் எனக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. தெரியாமலே காக்கப்பட்டிருக்கிறேன். அதற்கு நன்றியை யாரிடம் சொல்வது? எனக்கு முருகனைத்தான் தெரியும், அவனிடம் சொன்னேன். சேகர் தம்பிக்கும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டேன்.

பேத்தி பிறந்தாள். முப்பது நாள் கழித்து அவளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு ஓடியது அதே லிப்ட் மட்டும்தான். பழுது பார்த்துவிட்டார்கள், ஆனாலும் கவிதாவால் உள்ளே காலை வைக்க முடியவில்லை, படியில் இறங்கி வருவதாகச் சொன்னாள். பிரசவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஒன்பது மாடிப் படியிறங்க அவளால் முடியாது. பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு நான் முதலில் உள்ளே போய் நின்றேன். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். பிள்ளை என் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. எங்கே நிற்கிறோம், எதன் மேல் நிற்கிறோம், எது பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்றும் அதற்குத் தெரியாது.

"வா" என்றேன். கவிதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது.

அடியார்களே, உங்களுக்கும் ஒரு நாள் எல்லாம் கையை மீறிக் கீழே இறங்கும். அப்போது கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் வந்த வார்த்தையில் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நின்றுவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கவிதாவின் பிள்ளைக்காக இரண்டு முறை கூப்பிட்டும் நிற்காமல் போனதைப் பார்த்தவள் நான். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். என் பேத்திக்கு இப்போது இரண்டு பல் முளைத்திருக்கிறது.