சுருங்காத படங்கள்

ஃபைல்களுக்கு நகல் வைக்க பேக்கப் சர்வர் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எதையோ தொலைத்த பிறகுதான் கூப்பிடுவார்கள் என்பது, என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரிந்திருக்கும். குமுளியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மரியதாஸ் அண்ணனும் அப்படித்தான் கூப்பிட்டார்.

முதல் சந்தேகம்

ஸ்டுடியோவில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே லினக்ஸ் போட்டேன். மழை ஈரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் ஏற்கனவே போய்விட்டது. மிச்சமிருந்த டிஸ்கும் நிரம்பிக் கிடந்தது. அதில் உள்ளதையெல்லாம் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டும். கல்யாண வேலை வந்துகொண்டே இருப்பதால் இடமும் மிச்சமாக வேண்டும். எழுதும்போதே ஃபைல்களைச் சுருக்கி வைக்கிற ஃபைல் சிஸ்டம் ஒன்று இருக்கிறது, திறக்கும்போது தானாக விரித்துக் கொடுத்துவிடும், ஒன்றும் குறையாது என்று விளக்கினேன். அண்ணன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி, மொகம் சின்னதாயிராதுல்ல?"

கணக்கு தப்பியது

முதலில் ஆல்பம் டிசைன்களையும் கொஞ்சம் படங்களையும் மாற்றிப் பார்த்தேன். டிசைன்கள் நன்றாகவே சுருங்கின. படங்களும் வீடியோக்களும் அசையவில்லை. கேமராவே அவற்றைச் சுருக்கித்தான் பதிகிறது, அதற்கு மேல் அமுக்க இடமில்லை. தொழில்காரனான நானே அதை மறந்து அண்ணனுக்கு ஆசை காட்டியிருந்தேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

பக்கத்து மேசையில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா, அண்ணனின் மனைவி, தலை நிமிரவில்லை. போன மழைக்காலத்தில் எஸ்டேட் கல்யாணம் ஒன்றுக்குப் படமெடுக்கப் போன ஜீப் ஏலப்பாறைப் பக்கம் கவிழ்ந்து அவர்களுடைய ஒரே மகள் ஜென்சி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அக்கா அதிகம் பேசுவதில்லை என்று சொல்வார்கள். அன்றைக்கு என்னிடம் பேசினார்.

"ஏற்கனவே நசுங்குனத இன்னும் எப்படி தம்பி நசுக்குவீங்க?"

அழிக்கச் சொன்ன ஃபோல்டர்

இடம் போதவில்லை என்றால் எதையாவது விட்டுவிட வேண்டும். அண்ணன் திரையில் ஒரு ஃபோல்டரைக் காட்டினார். அப்பாவோடு படமெடுக்கப் போன இடங்களில் ஜென்சி கேமராவை நிறுத்த மறந்து, தோளில் தொங்கவிட்டபடி நடந்தபோது பதிவானவை எல்லாம் அதில் இருந்தன. புல், சேறு, தேயிலைச் செடி, அவளுடைய செருப்புக் கால்கள். "ஒண்ணுக்கும் ஆகாது தம்பி. இவ இதையே பாத்துக்கிட்டு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்திருக்கா. அழிச்சிரு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

என் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. அக்கா எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டார். "அவ நல்ல போட்டோ எல்லாந்தான் இருக்குல்ல?" என்றார் அண்ணன்.

"அதுல எல்லாம் போஸ் குடுத்துட்டு நிக்கிறா. இதுலதான நடக்கிறா."

பழைய டிஸ்க்

அண்ணன் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் காப்பி போட்டேன். பாதியில் பழைய டிஸ்க் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு வீடியோவைப் படிக்கவே முடியவில்லை. கேபிளை மாற்றினேன், டிஸ்கை ஆறவைத்தேன், கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டிப் படிக்க வைத்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முக்கால்வாசி வந்தது. கடைசிப் பகுதி போய்விட்டது. "இவ்வளவுதான்க்கா எடுக்க முடிஞ்சது" என்றேன். அக்கா நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டேன். ஈரப் புல்லில் கால்கள் வேகவேகமாக நடந்தன. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா, மெதுவாப் போங்க, நானும் வர்றேன்ல" என்று ஒரு குரல். அதோடு படம் உறைந்தது.

வாசலில் இருந்த அண்ணன் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

"தம்பி, அந்த எடத்த இன்னொரு தடவ போடு."

இப்போதெல்லாம் பேக்கப்பில் எதை வைக்கலாம், எதை விடலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், வீட்டில் எல்லாரையும் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.