பேட்டரியைக் கழற்றாமல் தலையாட்டினேன்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படித்தேன்.

மண்ணூர் ஷெட்டில் ஒரு புதிய காரைப் பிரித்து, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரைப்போலக் கட்டிக்கொண்டிருந்தோம். மர ஸ்டீயரிங் மாட்டுவதற்காக, ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்ற உட்கார்ந்தான் என் கூட்டாளி மோகன்.

"பேட்டரி வயரைக் கழட்டிட்டியா மாப்ள? இல்ல, எனக்கு இன்னிக்கே சங்கா?"

மறந்திருந்தேன். கார் ஓனர் எதிரே நின்றதால் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன். மோகன் கைவைத்ததும் பேட்டரி கரண்ட் பாய்ந்து ஏர்பேக் வெடித்தது. அவனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது.

"நீ இன்னா பண்ணுவ, வண்டி கோளாறு" என்கிறான் இன்றும்.

இப்போதெல்லாம் பேட்டரியை வெளியே எடுத்து அவன் கண்ணெதிரே வைத்த பிறகே வேலை தொடங்குகிறேன். அன்று பொய் சொன்னதை மட்டும் நேரில் சொல்ல முடியவில்லை. அவன் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் எழுதியது.