வாடை இல்லாத போதை

அண்ணன் ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு வரும்போது அம்மா வாசலில் நிற்பாள். "வாயத் தொறலே" என்பாள். சுற்றுலாக்காரர்களை மலையேற்றி இறக்கும் முப்பது வயது ஆள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க ஊதிக் காட்டுவான். "வாடை இல்ல. எம்புள்ள சாமிக்குப் பயந்தவன்" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அம்மா சொல்வாள். தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகள் எங்களுடையவை. ஒரு வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் 'நூறு' என்பார்கள்.

அந்த வருடம்தான் குடியை நிறுத்த அவனுக்கு மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டியிருந்தோம். ஒரு வருடத்துக்குள் சாராயத்தைத் தொட்டால் கண் போய்விடும் என்று பயம். அவன் தொடவில்லை, அதை இன்றைக்கும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். தூக்கம் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்று மாத்திரைக்குப் போனான். முதலில் ஒன்று, பிறகு அட்டை அட்டையாக. கயிறு கட்டும்போது சாராயம் என்றுதானே வேண்டிக்கொண்டோம்? மாத்திரையைப் பற்றி அம்மனிடம் யாரும் பேசவில்லை. நான் வேலை பார்த்த விடுதிக்கு எதிரே மருந்துக்கடை இருந்தது. தெரிந்த முகம் என்பதால் என்னிடம் டாக்டர் சீட்டுக் கேட்க மாட்டார்கள். "பாப்பா, வரும்போது அந்த மாத்திரைய வாங்கியாந்துரு" என்பான். வாங்கி வந்தேன். அவன் பேச்சுக் குழறியதும், சோற்றில் கை வைத்தபடியே தூங்கியதும் அலைச்சலால்தான் என்று நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, குடிக்கவில்லையே என்ற நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

தோட்டத்தில் கொழுந்தெடுத்த அம்மா ஓய்வு பெறும்போது வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் சேர வேண்டும். இல்லையென்றால் கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அண்ணனுக்கு ஃபேக்டரியில் இடம் பேசியிருந்தது. சேர வேண்டிய அன்று காலையில் அவனை எழுப்ப முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையிலும் அம்மா குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். "குடிக்கலயேடி, குடிக்கலயே" என்று அழுதாள்.

பிழைத்துக்கொண்டான். மாத்திரையை யார் வாங்கித் தந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளத்தில் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் சார் வாங்குனேன். வீட்ல யாருக்கும் தெரியாது" என்றான்.

இப்போது விடுதி வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பதில் நான் கொழுந்தெடுக்கிறேன். அண்ணன் இரண்டு முறை சிகிச்சைக்குப் போய் வந்துவிட்டான். சில மாதம் நன்றாக இருப்பான், பிறகு சறுக்குவான். எனக்கு அலுத்துவிட்டது, கோபப்படக்கூடத் தெம்பில்லை. "இவனுக்காக ஒம் பொழப்பையே விட்டுட்டியே, நீ தங்கம்டி" என்கிறார்கள் லயத்துப் பெண்கள். அதைக் கேட்டபடி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். மருந்துக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நானும்தான்.